தனக்கென ஒரு நாள்வழி

சேலம், நாமக்கல் சமவெளியில் எழுதாமல் எந்தத் தொழிலும் ஓடுவதில்லை. நாமக்கல் கோழிப்பண்ணையில் ஷெட்டுக்கு ஒரு பதிவேடு இருக்கும். அன்றைக்கு எத்தனை கோழி செத்தது, எத்தனை கிலோ தீவனம் போனது, எத்தனை முட்டை வந்தது என்று பொழுது சாய்வதற்குள் எழுதியாக வேண்டும். லாரி டிரைவர் டீசல், டோல், பேட்டா, லோடு ஏற்றிய கூலி என்று டிரிப் கணக்கு எழுதுகிறார். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி எந்த மாநிலத்துக் காட்டில் நின்று துளை போட்டாலும், அன்றைக்கு எத்தனை அடி இறங்கியது என்பது அன்றைக்கே நோட்டில் ஏறிவிடும். மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போனால், மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து எழுதிய பிறகுதான் விலை பேசுவார்கள். தறிப்பட்டறையில் பாவு, பீஸ், கூலி, முன்பணம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் பதிவாகிப் பத்திரிகையில் வருகிறது. 120 அடிக்கு இன்னும் எத்தனை அடி குறைகிறது என்பதை டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இத்தனை எழுத்திலும் எழுதுகிறவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோழி செத்த இரவில் பண்ணைக்காரர் என்ன நினைத்தார், முன்பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்த தறிக்காரர் மனசில் என்ன ஓடியது, மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்த டிரைவரைக் குழந்தை அடையாளம் தெரியாமல் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்தது என்பதெல்லாம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. 'இதையெல்லாம் எழுதி என்னங்க ஆகப் போகுது?' என்பதுதான் இந்தப் பக்கத்துப் பதில். அந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். உண்மையிலேயே என்ன ஆகும்? எழுதியவர்கள் என்ன கண்டார்கள்? ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? எங்கே பலன் இல்லை, எங்கே கெடுதலே உண்டு?

என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மனசில் உள்ளதைக் கொட்டிவிடுவதால் மட்டும் கிடைக்கிற நன்மை சிறியது. தேதி போட்டு எழுதுவதிலும், ஏன் இப்படி நடந்தது என்று அந்தப் பக்கத்திலேயே கேட்டுக்கொள்வதிலும், சில காலம் கழித்துத் திரும்பிப் படிப்பதிலும்தான் பெரும்பகுதி இருக்கிறது. அந்த நோட்டு வேறு யார் கண்ணிலும் படாது என்ற உறுதி இல்லாவிட்டால் இதில் எதுவுமே நடக்காது.

இதற்கு நம் மண்ணிலேயே பெரிய சான்று இருக்கிறது. அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்து, 1900-லிருந்து சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரான சி. ராஜகோபாலாச்சாரியார் (ராஜாஜி), ஒத்துழையாமை இயக்கத்தில் 1921 டிசம்பரில் கைதானார். மூன்று மாதம் வேலூர்ச் சிறை. 1922 மார்ச்சில் வெளியே வந்தார். அந்த மூன்று மாதமும் அவர் நாட்குறிப்பு எழுதினார். பிறகு அது நூலாகவும் வந்தது. தமிழில் 'சிறையில் தவம்' என்று பெயர். தொழிலில் உச்சம் தொட்ட வக்கீல் ஒருவர் அறைக்குள் அடைபட்டு, ஆஸ்துமா உடம்போடு, சிறையின் அன்றாடத்தைத் தேதி தேதியாகக் குறித்துக்கொண்டே போகிறார்.

அதில் 1922 ஜனவரி 24-ம் தேதிக் குறிப்பு பலரும் எடுத்துக்காட்டுவது. சுயராஜ்யம் வந்தவுடன் நல்லாட்சி வந்துவிடாது, நெடுநாளைக்கு வராது. தேர்தலும் அதன் ஊழலும், அநீதியும், பணத்தின் கொடுங்கோன்மையும், திறமையற்ற நிர்வாகமும் மக்கள் வாழ்க்கையை நரகமாக்கும் என்று எழுதுகிறார். சிறுவயது முதல் நன்னடத்தையையும் கடவுள் பயத்தையும் அன்பையும் வளர்க்கிற பொதுக்கல்வி ஒன்றில்தான் அவருக்கு நம்பிக்கை தெரிகிறது.

அது எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்று பாருங்கள். ஓராண்டுக்குள் சுயராஜ்யம் என்று காந்தியடிகள் சொல்லியிருந்த காலம். அதற்காகவே சிறைக்கு வந்தவர்கள் பக்கத்து அறைகளில் இருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் ஒரு தலைவர் இதை மேடையில் பேச முடியாது. பேசினால் இயக்கம் தளர்ந்துவிடும். ஆனால் தோன்றியதைத் தனக்குள்ளே அடக்கியும் விடவில்லை. ஒரு நோட்டில், ஒரு தேதியின் கீழ், தெளிவான வாக்கியங்களாக வைத்தார். தன் பக்கத்துக்கு ஆதரவாக இல்லாத எண்ணத்தை முழுதாக நினைத்துப் பார்க்க மனிதனுக்கு ஓர் இடம் வேண்டும். கூட்டத்தில் அந்த இடம் இல்லை. வீட்டிலும் பல சமயம் இல்லை.

அந்தக் குறிப்பின் மதிப்பு அதோடு முடியவில்லை. எழுதியவரே பிறகு அதிகாரத்துக்கு வந்தார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர். அந்த ஆண்டு அக்டோபர் 1-ல் நாட்டுக்கே முன்மாதிரியாக மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார். 1948-ல் கவர்னர் ஜெனரல். 1952-ல் சென்னை மாநில முதலமைச்சர். 1953-ல் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழில் பழக வேண்டும் என்றது. குலக்கல்வி என்று அதற்கு எதிர்ப்பு எழுந்து, 1954-ல் அவர் பதவி விலகினார். பொதுக்கல்வி ஒன்றே நம்பிக்கை என்று 1922-ல் எழுதிய கை, 1953-ல் அந்தத் திட்டத்தில் கையெழுத்திட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக் கேள்வி கேட்க இன்று நம்மால் முடிகிறதென்றால், அவர் தேதி போட்டு எழுதி வைத்ததால்தான். நாட்குறிப்பு எழுதுகிறவர் தன் பிற்காலத்துக்கு எதிராகவே ஒரு சாட்சியை உண்டாக்கி வைக்கிறார். அதற்குத் துணிவு வேண்டும். நினைவை மட்டும் நம்பி இருப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. நேற்று நினைத்ததை இன்றைய வசதிக்கு மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. உலகத்தில் தனக்காக எழுதப்பட்ட குறிப்புகளில் மிகவும் பேர் பெற்றது ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதியது. டானூப் கரைப் போர் முகாமில் இருந்துகொண்டு, யாருக்கும் காட்டும் எண்ணம் இல்லாமல் எழுதிய நோட்டு அது. அதைத் தமிழுக்கு 'ஆத்ம சிந்தனை' என்ற பெயரில் கொண்டுவந்தவரும் நம் சேலத்து வக்கீல்தான். அந்தப் பேரரசர் தன்னைப் பார்த்து 'நீ' என்றே பேசுகிறார்: நீ ஏன் கோபப்பட்டாய், நீ எதற்குப் பயப்படுகிறாய் என்கிற மாதிரி. இது வெறும் நடையழகு என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்க உளவியலாளர் ஈதன் கிராஸ் முதலானோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், இக்கட்டான நேரத்தில் 'நான்' என்று நினைக்காமல் தன் பெயரையோ 'நீ' என்பதையோ வைத்துத் தன்னோடு பேசிக்கொண்டவர்கள் பதற்றத்தைக் கூடுதலாகச் சமாளித்தார்கள் என்று கண்டார்கள். வெளியாள் ஒருவருக்குப் புத்தி சொல்கிற தூரம் அப்போது கிடைத்துவிடுகிறது. நம் பாட்டிமார் அடுப்படியில் தனியாக நின்று தங்களைத் தாங்களே 'உனக்கு வேணும்டீ இது' என்று திட்டிக்கொள்வதை நான் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

காந்தியடிகளும் நாட்குறிப்பில் பிடிவாதமானவர். 1930 தண்டி யாத்திரையில் கூட நடந்த தொண்டர்களுக்குப் பிரார்த்தனை, நூற்பு, நாட்குறிப்பு மூன்றும் கட்டாயம். நாளெல்லாம் நடந்து களைத்தாலும் எழுத வேண்டும். கட்டாயப்படுத்தி எழுத வைத்த நாட்குறிப்பு எவ்வளவு உண்மை பேசும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதைப் பின்னால் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லும்போது எடுத்துக்கொள்கிறேன்.

தமிழில் நாட்குறிப்பு என்றவுடன் நினைவுக்கு வருகிறவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை, கால் நூற்றாண்டு. துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷி, வியாபாரி. கப்பல் வந்தது, சரக்கு போனது, துரை என்ன சொன்னார், துரைசாணி என்ன சூழ்ச்சி செய்தார் என்று கணக்குப் பிள்ளையின் கையால் எழுதுகிறார். அவருக்குப் பிறகு இரண்டாம் வீராநாயக்கர் முதலானோர் தொடர்ந்தார்கள். இந்த வரிசையிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்று: தமிழில் நாட்குறிப்பு பாவமன்னிப்பு அறையிலிருந்தோ காதல் கடிதத்திலிருந்தோ பிறக்கவில்லை, கடைக் கணக்கிலிருந்து பிறந்திருக்கிறது. அன்றாட வரவு செலவை எழுதும் நாள்வழியும், அதை ஆள்வாரியாக ஏற்றும் பேரேடும் பழகிய கைதான் அதற்கடுத்த பக்கத்தில் தன் கவலையையும் எழுதியது. அப்படிப் பார்த்தால் இந்தப் பழக்கம் சேலம், நாமக்கல் கைகளுக்கு அன்னியமே கிடையாது. நோட்டு இருக்கிறது, பேனா இருக்கிறது, பொழுது சாய உட்கார்ந்து எழுதும் வழக்கம் இருக்கிறது. இன்னும் நாலு வரிதான் பாக்கி.

இனி ஆய்வுகள். 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 46 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம். சிலர் சாதாரண விஷயம் எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்க்கையில் மனசை மிகவும் வருத்திய சம்பவத்தை எழுதினார்கள். சம்பவத்தையும் அதுபற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அந்த நான்கு நாளும் வருத்தமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. 1999-ல் ஜோஷுவா ஸ்மித் குழுவினர் ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகள் நூற்றுச் சொச்சம் பேரிடம் இதையே செய்து பார்த்தார்கள். மூன்று நாள், இருபது நிமிடம். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, மனவேதனையை எழுதியவர்களில் 47 சதவீதம் பேருக்கு நோய் நிலையில் முன்னேற்றம். சாதாரண விஷயம் எழுதியவர்களில் 24 சதவீதம்.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு 'எழுதினால் ஆஸ்துமா போகும்' என்று சொல்லும் புத்தகங்கள் வந்துவிட்டன. அது தவறு. 2005-ல் வேறு குழுவினர் ஆஸ்துமா நோயாளிகளிடம் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2006-ல் ஜோன் ஃபிராட்டரோலி 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார். பலன் உண்டு என்பதுதான் முடிவு, ஆனால் சராசரியில் அது சிறியது. மருந்தை நிறுத்திவிட்டு நோட்டை எடுக்கிற அளவுக்கு எந்த ஆய்வும் சொல்லவில்லை.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 1997-ல் பென்னிபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் குறிப்புகளின் சொற்களையே எண்ணிப் பார்த்தது. யாருக்குப் பலன் கிடைத்தது? முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் காரணம் சொல்லும் வார்த்தைகளும், புரிந்துகொண்டேன் என்பது போன்ற வார்த்தைகளும் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டே போயினவோ அவர்களுக்கு. முதல் நாள் 'அண்ணன் என்னை ஏமாத்திட்டான்' என்று எழுதியவர், நாலாம் நாள் 'அப்பா செத்த வருஷம் கடன் முழுக்க அவன் தலையில விழுந்துச்சு, அதனாலதான் பத்திரத்துல அவசரப்பட்டான்போல' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் செய்தது சரியாகிவிடவில்லை. ஆனால் சிதறிக் கிடந்தது ஒரு கதையாகிவிட்டது. கதையாகிவிட்ட ஒன்றை மனசு இறக்கி வைக்க முடியும்.

ஒரே வரியைத் தினமும் எழுதிக்கொண்டிருந்தால்? அங்கேதான் கெடுதல். 2013-ல் டேவிட் ஸ்பாரா முதலானோர், அண்மையில் மண வாழ்க்கை பிரிந்தவர்களை எழுத வைத்தார்கள். ஏன், எதற்கு என்று அதையே மென்றுகொண்டிருக்கும் இயல்புடையவர்கள் தங்கள் உணர்வுகளை எழுதியபோது, பல மாதம் கழித்தும் தேறாமல் இருந்தார்கள். அதே இயல்புடையவர்கள் அன்றாட வேலைகளைப் பற்றி வெறுமனே எழுதியபோது நன்றாகத் தேறினார்கள். நாட்குறிப்பை எல்லாருக்கும் எல்லா நேரத்துக்குமான மருந்தாக விற்கிறவர்கள் இந்த ஆய்வைச் சொல்வதில்லை. புண் பச்சையாக இருக்கும்போது அதைத் தோண்ட வேண்டாம். அந்த நாட்களில் என்ன சாப்பிட்டோம், எங்கே போனோம் என்று எழுதினாலே போதும். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறவர்களுக்கு நோட்டு போதாது. ஆள் வேண்டும், மருத்துவர் வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

சின்னச் சின்னப் பலன்களை வேகமாகச் சொல்லிவிடலாம். வாரம் ஒருமுறை நன்றி பாராட்டத் தக்க விஷயங்கள் சிலவற்றைப் பத்து வாரம் எழுதியவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிட வாழ்க்கையை நல்லபடியாகக் கண்டார்கள் என்று எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003-ல் காட்டினார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018-ல் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களிடம் கண்டது. இரவில் லோடு புரோக்கரின் போனை எதிர்பார்த்துப் புரண்டு படுக்கும் லாரி அதிபருக்கு ஒன்பது நிமிடமும் பெரிதுதான்.

கற்றலுக்கு வருகிறேன். பெங்களூரு விப்ரோ நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பயிற்சியில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் பத்து நாள், நாளின் கடைசிப் பதினைந்து நிமிடம், அன்று கற்றதில் முக்கியமானது எது என்று எழுதினார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தையும் வேலையில் செலவிட்ட மற்றவர்களைவிட இறுதித் தேர்வில் சுமார் 23 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். 2014-ல் இது வெளிவந்தது. அந்த ஆய்வாளர்களில் ஒருவர்மீது, வேறு ஆய்வுகளில் தரவைத் திருத்தினார் என்ற குற்றச்சாட்டு பிற்பாடு எழுந்தது. ஆகவே அந்த எண்ணை நான் அழுத்திப் பிடிக்க மாட்டேன். ஆனால் கற்றதை நின்று நினைத்துப் பார்த்தவருக்கு அது தங்கும் என்பதைப் பாடம் நடத்திய எந்த வாத்தியாரும் மறுக்க மாட்டார்.

இதை நாமக்கல்லில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்காகத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்த மாவட்டம் இது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார விடுதிப் பள்ளிகளின் பேர் மாநில ரேங்க் பட்டியலில் ஆண்டுதோறும் வந்தது. 2017-ல் அரசு அந்தப் பட்டியலையே நிறுத்தியது, நல்ல முடிவு. விடியற்காலை ஸ்டடி, வகுப்பு, தேர்வு, திரும்ப ஸ்டடி, தூக்கம் என்ற சுற்று அதனால் நின்றுவிடவில்லை. நீட் அதற்கு இன்னொரு காரணம் கொடுத்துவிட்டது. பதினாறு வயசுப் பிள்ளை தன் வாழ்க்கையிலேயே மிக வேகமாக மாறும் இரண்டு ஆண்டுகளை அங்கே கழிக்கிறது. அந்த இரண்டு ஆண்டில் அது எழுதும் பக்கங்களை அடுக்கினால் ஆளுயரம் வரும். அதில் ஒரு பக்கம்கூட அதனுடையது கிடையாது.

பள்ளிக்கூடத்தில் 'டைரி' என்று ஒன்று இருப்பது தெரியும். வீட்டுப்பாடம், தாமதம், மதிப்பெண், பெற்றோர் கையொப்பம். அது பிள்ளையைப் பற்றி மற்றவர்கள் எழுதும் புத்தகம். பிள்ளைக்கென ஒரு பக்கம் வேண்டும் என்று சொன்னதும் சில பள்ளிகள் ஆர்வமாக 'தினமும் ஒரு பக்கம் மனசில் பட்டதை எழுத வைத்து, நாங்களே திருத்தித் தருகிறோம்' என்று தொடங்கிவிடக் கூடும். தயவு செய்து வேண்டாம். சிவப்பு மை படுகிற பக்கத்தில் எந்தப் பிள்ளையும் உண்மையை எழுதாது. வாத்தியாருக்குப் பிடித்ததை எழுதும், அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் தனியாக இருக்கும்போதும் தனக்கே பொய் எழுதும். தண்டி யாத்திரையின் கட்டாய நாட்குறிப்பைப் பற்றி நான் சந்தேகப்பட்டதும் இதனால்தான். விடுதிகள் செய்ய வேண்டியது மிகவும் எளிது: இரவு ஸ்டடியில் பதினைந்து நிமிடம் விட வேண்டும், பூட்டக்கூடிய ஓர் இடம் தர வேண்டும், நோட்டை வார்டன் உட்பட யாரும் தொடக்கூடாது என்று விதி வைக்க வேண்டும்.

வீட்டிலும் நிலைமை இதேதான். மகளின் நோட்டை எடுத்துப் படிப்பது தன் உரிமை என்றே நம் பக்கத்துப் பெற்றோர் பலர் நம்புகிறார்கள். யாரோடு பேசுகிறாள், எந்தச் சாதிப் பையன் என்று அதில் தேடுகிறார்கள். இந்த வட்டாரத்தில் அந்தத் தேடலின் முடிவு சில சமயம் என்னவாக இருந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஒரு பெண்பிள்ளையிடம் 'டைரி எழுது, நல்லது' என்று அறிவுரை சொல்வதற்கு முன்னால், அது அவளுக்கு ஆபத்தாகுமா என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. படிக்கக் கிடைத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இதை யோசிக்கவே இல்லை. அங்கே எழுதியவர்களுக்குத் தனி அறை இருந்தது.

சாதியைப் பற்றிப் பேச்சு வந்ததால், நாமக்கல்லில் நடந்த மிக நல்ல காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் பெருமாள்முருகன் நாமக்கல் அரசு கலைக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது, தன் மாணவர்களையும் நண்பர்களையும் சாதி தங்கள் வாழ்க்கையில் எப்படி வந்தது என்று எழுதச் செய்து தொகுத்தார். 'சாதியும் நானும்' என்ற அந்த நூல் 2013-ல் வந்தது. பலருக்கு அதுவே முதல் எழுத்து. சாதியால் அடிபட்டவர்களும் எழுதினார்கள், சாதியால் சலுகை பெற்ற வீட்டில் பிறந்து அதைத் தாமதமாக உணர்ந்தவர்களும் எழுதினார்கள். நாட்குறிப்பு அல்லதான், ஆனால் தன்னைத் தானே திரும்பிப் பார்க்கிற எழுத்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. சின்ன வயசில் பார்த்த ஒரு தனி டம்ளரை, தனி வாசலை, 'அவங்க வீட்ல சாப்பிடக் கூடாது' என்று சொன்ன அம்மாவின் குரலை நாம் சம்பவமாகத்தான் வைத்திருக்கிறோம். அதை வாக்கியமாக எழுதும்போதுதான் அந்த இடத்தில் நாம் எங்கே நின்றிருந்தோம் என்பது தெரியவருகிறது. நான் யாருக்குக் கெடுதல் செய்தேன் என்ற கேள்வி வராத சிந்தனை பாதிச் சிந்தனைதான். ஆய்வுகள் எழுதுகிறவரின் உடம்பையும் மனசையும் மட்டுமே அளக்கின்றன. எழுதியதால் அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் நடந்துகொள்ளும் விதம் மாறியதா என்று அளப்பதில்லை. அளந்தால் அங்கேதான் பெரும் பலன் தெரியும் என்பது என் நம்பிக்கை.

பெருமாள்முருகனின் சொந்த வாழ்க்கையும் இந்த விஷயத்துக்குப் பொருந்துகிறது. அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் போராட்டம் எழுந்து, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்த பிறகு, பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் எதையும் வெளியிடவில்லை. தொடக்கத்தில் எழுதவும் முடியவில்லை. பிறகு தனக்காகக் கவிதைகள் எழுதத் தொடங்கினார். அவை 'கோழையின் பாடல்கள்' என்று 2016-ல் நூலாயின. வெளியே பேச வழியில்லாதபோது, யாரும் படிக்கப் போவதில்லை என்ற நினைப்போடு எழுதியது ஒரு மனிதரை எழுந்து நிற்க வைத்தது. ராஜாஜியைச் சுற்றிக் கல்சுவர் இருந்தது. இவரைச் சுற்றி ஊர் இருந்தது. இருவருக்கும் நோட்டு ஒன்றுதான் திறந்திருந்த இடம்.

எழுத வராதவர்கள், எழுதக் கூச்சப்படுகிறவர்கள் என்ன செய்வது? இதை ஒதுக்கிவிட்டுப் போனால் கட்டுரை பாதிப் பேருக்குத்தான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தன. குழுவுக்கு ஒரு தீர்மானப் புத்தகம் உண்டு. கையெழுத்துப் போட மட்டும் கற்றவர்கள், பிறகு அதில் தீர்மானம் எழுதும் அளவுக்கு வந்ததைப் பல ஊர்களில் பார்க்கலாம். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதோடு, ஏன் கட்ட முடியவில்லை என்பதும் அந்தக் கூட்டத்தில் பேசப்படும்: மாட்டுக்கு நோய், மாமியாருக்கு ஆஸ்பத்திரி. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாரத்தைத் திரும்பிப் பார்ப்பதும் சிந்தனைதான். தனியாக வேண்டுமென்றால் இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் தன் எண்ணுக்கே குரல்பதிவு அனுப்பி வைக்கலாம். தேதி தானாக விழுந்துவிடும். ஸ்டியரிங்கில் நாளெல்லாம் இருக்கிறவர் சாப்பாட்டுக்கு வண்டியை ஓரம் கட்டும்போது இரண்டு நிமிடம் பேசினால் போதும். மாதம் ஒருமுறை அதைத் திரும்பக் கேட்க வேண்டும். தன் குரலில் தன் கோபத்தைக் கேட்பது முதலில் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தில்தான் வேலை நடக்கிறது.

எழுதுகிறவர்களுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். நூறு பக்க நோட்டு போதும். அச்சடித்த டைரியில் ஒரு நாள் விட்டுப்போனால் காலிப் பக்கம் குற்றம் சாட்டும், அதிலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். செந்தமிழ் வேண்டாம். 'மனசு சலிச்சுப் போச்சு' என்று வீட்டில் பேசுகிறபடியே எழுதுங்கள். தினமும் எழுதினால் நல்லது, வாரம் இருமுறையும் நல்லதுதான். நடந்ததை இரண்டு வரி, ஏன் என்று ஒரு வரி. 'எனக்கு ஏன் இப்படி' என்று தொடங்கிச் சுற்றிச் சுற்றி வருகிறதென்று தெரிந்தால், அன்றைக்கு நோட்டை மூடிவிட்டுக் காட்டுப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். மாசக் கணக்கு முடிக்கும் நாளில், அந்த மாசப் பக்கங்களையும் ஒருமுறை படியுங்கள். முதல் மூன்று மாதம் படிக்கும்போது ஒன்றும் தெரியாது. ஆறாவது மாதம், ஒரே ஆளைப் பற்றிய ஒரே குறை ஒன்பது இடத்தில் இருப்பது கண்ணில் படும். அதற்கப்புறம் அந்த ஆளிடம் நேரில் பேசுவதா, குறையை விட்டுவிடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டியிருக்கும்.

பழைய நோட்டுகளை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்புகள் அவர் இறந்து எண்பத்தைந்து ஆண்டு கழித்து, 1846-ல் கண்டுபிடிக்கப்பட்டு வரலாறாயின. எல்லா நோட்டும் வரலாறாக வேண்டியதில்லை. போகியன்று எரிக்கலாம், பெட்டியில் பூட்டலாம், எழுதியவர் உரிமை. அவர் காலத்துக்குப் பிறகு வீட்டில் சண்டை வராமல் இருக்க, முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதி வைத்துவிடுவது நல்லது: எனக்குப் பின் இதை இன்னார் படிக்கலாம் என்றோ, யாரும் படிக்காமல் எரித்துவிடுங்கள் என்றோ. எது எழுதியிருக்கிறதோ அதை வீட்டார் அப்படியே செய்ய வேண்டும்.